ஆமிச் சப்பாத்துக்குள் முதல் பதினைந்து நாள்

புத்தளம் மாவட்டத்தின் கடலோரப் பிள்ளைக்குச் சீருடை புதிதல்ல. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டையில் இன்று கடற்படை இருக்கிறது. பாலாவியில் விமானப்படை. இரண்டாம் உலகப் போரின்போது புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் ஒன்று இயங்கியது. அங்கே கோர்சேர் போர் விமானங்களை யானை கட்டி இழுத்ததைக் காட்டும் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. இதையெல்லாம் பார்த்தும் கேட்டும் வளர்ந்தவர்தான் அந்தப் பிள்ளை. ஆனாலும் உடைகள் திணித்த பையோடு பயிற்சி முகாமின் வாசலில் இறங்கும் அன்று, அவருக்குத் தெரிந்தது எதுவும் உடனே கைகொடுப்பதில்லை.

தமிழ் பேசும் ஒருவர் இலங்கை இராணுவத்தில் சேரலாமா என்ற வாதத்தைத் தீர்த்துவைப்பது இந்த அத்தியாயத்தின் வேலையல்ல. அந்த வாதம் உடப்பிலும் கற்பிட்டியிலும் புத்தளம் நகரிலும் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது, அங்கேயே நடக்கட்டும். 1949 ஒக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட இந்த இராணுவத்தின் முதலாவது இலங்கைத் தளபதி ஒரு தமிழர். அன்ரன் முத்துக்குமாரு 1955இல் அந்தப் பொறுப்பை ஏற்றார். பிறகு வந்த ஆண்டுகளும் முப்பது வருடப் போரும் தமிழருக்கும் சீருடைக்கும் இடையில் எதை விட்டுச் சென்றன என்பதை இந்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டு இந்தக் கரையில் வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் கணக்கு வேறு. எப்படியானாலும், ஒருவர் போவதென்று முடிவெடுத்துவிட்டால் அவர் உடலோடும் மானத்தோடும் முதல் இரண்டு வாரத்தைத் தாண்ட வேண்டும். இங்கே பேசப்போவது அதை மட்டும்தான்.

ஒரு விடயத்தை மட்டும் முடிவெடுக்கும் முன்பே அறிந்துகொள்வது நல்லது. இந்த இராணுவம் வளர்ந்துகொண்டிருக்கும் நிறுவனம் அல்ல. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தபடி, 200,783ஆக இருந்த அனுமதிக்கப்பட்ட ஆளணி முதலில் 135,000ஆகவும், 2030இல் 100,000ஆகவும் குறைக்கப்பட வேண்டும். ஓய்வூதியம் வரை நிச்சயமான வேலை என்று தரகர் யாராவது சொன்னால் இந்த எண்களை அவர் முன் வைக்கலாம். தரகருக்குக் காசு கொடுக்கவும் கூடாது. ஆட்சேர்ப்புக்குக் கட்டணம் கிடையாது.

புறப்படும் முன்

படையணிகள் தத்தம் தலைமையகங்களோடு தனித்தனி வாழ்க்கை நடத்துபவை. விஜயபாகு காலாட்படை என்றால் குருநாகலுக்கு அருகிலுள்ள போயகனை. கஜபா என்றால் அநுராதபுரத்தின் சாலியபுர. சிங்கப் படையணிக்கு அம்பேபுஸ்ஸ, கெமுனு படையணிக்குக் குருவிட்ட. புத்தளத்திலிருந்து சாலியபுரவுக்கு ஏ12 வீதியில் பஸ் ஏறினால் பகல் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். குருவிட்டவுக்கு மழைக்காட்டுப் பக்கம் போக வேண்டும், அங்கே துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. எந்த ஊர் என்பதைப் பொறுத்துப் பையில் வைக்கும் உள்ளாடைகளின் எண்ணிக்கை மாறும். சின்ன விடயந்தான், ஆனால் ஈரத் துணியோடு ஓடித் தொடை உரிந்தவருக்கு அது சின்ன விடயமாகத் தெரியாது.

ஆவணங்களில் சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, தேசிய அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, பாடசாலைச் சான்றிதழில் மூன்றாவது ஒன்று என்று இந்தக் கரையில் நிறையப் பேருக்கு உண்டு. தமிழ்ப் பெயரையும் அரபுப் பெயரையும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஆளுக்கொரு விதமாய் எழுதிவைத்ததன் பலன். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் இதைத் திருத்தி எடுக்க நாளாகும். நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் ஓடித் திரிவதில் பயனில்லை. எல்லாவற்றிலும் இரண்டு போட்டோப் பிரதி எடுத்து, ஒரு கட்டை உம்மாவிடமோ அம்மாவிடமோ கொடுத்துவைக்க வேண்டும்.

இன்னொன்று, கைப்பேசி. முதல் நாட்களில் அது கையில் இருக்காது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். இன்றைய இருபது வயதுக்காரரிடம் வீட்டு நம்பரைக் கேட்டால் திரையைப் பார்த்துத்தான் சொல்வார். இரண்டு நம்பராவது மனப்பாடமாக வேண்டும். ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டை உறைக்குள்ளும் வைக்கலாம்.

உடலைத் தயார்செய்வது பற்றி மூத்தவர்கள் ஆயிரம் சொல்வார்கள். கடலோரத்தவருக்குத் தோளும் முதுகும் ஏற்கெனவே உண்டு. கரைவலை இழுத்தவருக்கும் உப்பளத்தில் மூட்டை தூக்கியவருக்கும் தண்டால் எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குறை இருப்பது முழங்காலுக்குக் கீழே. மணலில் வெறுங்காலோடு நடந்த காலுக்கு, இறுகிய தரையில் சப்பாத்தோடு ஓடும் அதிர்வு பழக்கமில்லை. புறப்படுவதற்கு எட்டு வாரம் இருக்கும்போதே, ஒருநாள் விட்டு ஒருநாள், தார் வீதியோரத்திலோ பாடசாலைத் திடலிலோ சப்பாத்துப் போட்டு மெதுவாக ஓடிப் பழக வேண்டும். ஒவ்வொரு வாரமும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். கடைசி வாரத்தில் அவசரப்பட்டு ஓடித்தள்ளுவதைவிட வீட்டில் நன்றாகத் தூங்குவது மேல்.

கால்

முதல் பதினைந்து நாளில் ஆளை வீழ்த்துவது துப்பாக்கியோ சார்ஜன்டின் குரலோ அல்ல, கால்தான். ஆகவே இந்தப் பகுதி சற்று நீளம்.

சப்பாத்து கொடுக்கும் களஞ்சியத்தில் வரிசை நீளமாக இருக்கும், கொடுப்பவர் அவசரத்தில் இருப்பார். என்ன இலக்கம் என்று கேட்டதும் பாடசாலைச் சப்பாத்தின் இலக்கத்தைச் சொல்லிவிடுவார் புதியவர். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவரின் கால் முன்பக்கம் அகன்று விரிந்திருக்கும். நீளம் சரியாக இருந்தாலும் அகலம் பிடிக்கும். கால் பின்னேரத்தில் வீங்கும் என்பதால், வீட்டில் இருக்கும்போதே ஒரு பின்னேரம் தடித்த மேசு போட்டுக்கொண்டு கடையில் அளந்து தன் இலக்கத்தை அறிந்துவைக்க வேண்டும். களஞ்சியத்தில் வாங்கியதும் அங்கேயே இரண்டு காலிலும் போட்டு எழுந்து நிற்க வேண்டும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் மேலே கிளம்பக் கூடாது. சரியில்லை என்றால் அந்த இடத்திலேயே மாற்றிக் கேட்க வேண்டும். வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டு போனவர் மூன்றாம் நாள் நொண்டுவார், ஏச்சும் அவருக்குத்தான் விழும்.

கொப்புளம் வருவது ஈரத்தாலும் உராய்வாலும். அமெரிக்க மரைன் படையில் புதியவர்களைக் கொண்டு 1990களில் செய்த ஆய்வொன்றில், தோலை ஒட்டி மெல்லிய பொலியெஸ்டர் மேசும் அதன் மேல் தடித்த மேசும் போட்டவர்களுக்குக் கொப்புளம் குறைவாக வந்தது. மெல்லிய மேசு உள்ளூர்ச் சந்தையிலேயே கிடைக்கும், நாலைந்து சோடி எடுத்துப்போகலாம். முகாமில் அனுமதி உண்டா என்று கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். தோல் சூடேறிச் சிவக்கும்போதே பிளாஸ்டர் ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. கொப்புளம் வந்துவிட்டால் மேல்தோலைப் பிய்க்கக் கூடாது, அந்தத் தோல்தான் மருந்து. நீர் முட்டி நடக்க முடியாமல் வலித்தால் எம்.ஐ. ரூம் எனப்படும் முகாமின் மருத்துவ அறையில் ஓரத்தில் ஊசியால் குத்தி வடிய விடுவார்கள். படுக்கையில் இருந்துகொண்டு பக்கத்துக் கட்டில்காரரின் ஊக்கை வாங்கிக் குத்திக்கொள்வதால்தான் காலில் சீழ் பிடிக்கிறது. இரவில் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துவாயால் ஒற்றி, காற்றுப்பட விட்டுத் தூங்க வேண்டும்.

கொப்புளத்தைவிடப் பொல்லாதது எலும்பு வெடிப்பு. 1855இல் பிரைதாப்ட் என்ற பிரஷ்ய இராணுவ வைத்தியர், நீண்ட தூரம் அணிநடை போட்ட வீரர்களின் பாதம் காரணமில்லாமல் வீங்கி வலிப்பதைக் குறித்துவைத்தார். எக்ஸ்ரே வருவதற்கு நாற்பது ஆண்டு முன்பு அது. பின்னாளில்தான் பாத எலும்பில் விழும் மெல்லிய வெடிப்பு அது என்று தெரிந்தது. ஒரே அடியில் உடைவதல்ல. பழக்கமில்லாத எலும்பின் மீது ஆயிரம் ஆயிரம் தடவை விழும் சின்ன அதிர்வுகள் சேர்ந்து கீறுகின்றன. எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ள வாரக்கணக்கு வேண்டும், பயிற்சிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? தசை வலி கால் முழுக்கப் பரவியிருக்கும், ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இளகும். எலும்பு வலி ஓரிடத்தில் நிற்கும். கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பிலோ பாதத்தின் மேலோ ஒரு விரல் நுனியால் அழுத்தினால் அந்த ஒரே இடம் சுரீர் என்று வலிக்கும். ஓட ஓடக் கூடும், உட்கார்ந்தால் குறையும். அந்த நிலையில் எக்ஸ்ரே எடுத்தாலும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எதுவும் தெரியாமல் போகலாம். படத்தில் ஒன்றுமில்லை என்றதும் திரும்ப ஓடிவிடக் கூடாது. வலி தொடர்ந்தால் மறுபடி போய்க் காட்ட வேண்டும். தொடை இடுக்கில் ஆழமாக வலித்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தொடை எலும்பின் கழுத்தில் வெடிப்பு விழுந்து, அது முழுதாக உடைந்தால் வாழ்நாள் முழுக்க நொண்ட வேண்டியிருக்கும்.

இஸ்ரேலிய இராணுவத்தில் 1980களின் தொடக்கத்தில் 295 புதிய காலாட்படையினரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது 31 சதவீதத்தினருக்கு இப்படி வெடிப்பு இருந்தது. சப்பாத்தை மாற்றிப் பார்த்தார்கள், பலவிதமான உள்ளட்டைகளையும் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் பெரிய பலன் தந்தவை இரண்டு: அணிநடையின் தூரத்தைக் குறைத்தது, இரவில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியது. பயிற்றுவிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது இந்த நூலின் ஆசை. படிக்கும் புதியவர் செய்யக்கூடியது, விளக்கணைத்த பிறகு கதையளக்காமல் தூங்குவது. அமெரிக்கக் கடற்படையில் புதிதாகப் பயிற்சி பெற்ற பெண்கள் 5,201 பேரிடம் நடத்திய ஆய்வில், கல்சியமும் விட்டமின் டீயும் சேர்த்துக் கொடுத்த குழுவில் வெடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. களப்புக் கரையில் வளர்ந்தவருக்கு முள்ளோடு கடித்துத் தின்னும் நெத்தலிக் கருவாடு புதிதல்ல. முகாமிலும் அது தட்டில் விழுந்தால் ஒதுக்க வேண்டாம்.

வெக்கையும் தண்ணீரும்

பாலாவி உப்பளத்தில் வேலை செய்தவருக்கு இதை விளக்குவது எளிது. வெயில் எவ்வளவு எரித்தாலும், காற்றில் ஈரம் கூடிக் காற்றும் ஓய்ந்தால் பாத்தியில் தண்ணீர் வற்றாது, உப்பு விளையாது. தோலின் மேல் வியர்வையும் அப்படித்தான். அது வற்றினால்தான் உடம்பு குளிரும், வழிந்து நிலத்தில் சொட்டுவதால் ஒரு பயனும் இல்லை. 32 பாகையில் கற்பிட்டிக் காற்றில் ஓடுவதும், அதே 32 பாகையில் காற்றே புகாத திடலில் நீளக் கைச் சட்டையோடு ஓடுவதும் வேறு வேறு.

இந்த வேறுபாட்டை அளக்க ஒரு சுட்டெண் பிறந்ததே புதிய படையினரால்தான். அமெரிக்காவின் தென் கரோலினாக் கரையில் சதுப்பும் உப்பங்கழியுமாகக் கிடக்கும் பாரிஸ் ஐலண்ட் என்ற மரைன் பயிற்சி முகாமில் 1950களில் பலர் வெப்பத்தில் சுருண்டு விழுந்தார்கள். வெறும் வெப்பமானியை நம்பாமல் ஈரம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் அந்தச் சுட்டெண்ணை ஆய்வாளர்களான யக்லோவும் மினார்டும் 1957இல் வெளியிட்டார்கள். இன்று படைகள் மட்டுமல்ல, விளையாட்டுத் துறையினரும் தொழிற்சாலைகளும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

உடம்பு வெக்கைக்குப் பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் பிடிக்கும். கடலில் தொழில் செய்தவர் ஏற்கெனவே பழகியவர்தான். ஆனால் இந்தப் பழக்கம் நிலைப்பதில்லை, சில வாரம் விட்டால் போய்விடும். கொழும்பில் ஏசி போட்ட கடையில் ஆறு மாதம் நின்றுவிட்டு நேரே முகாமுக்குப் போகிறவர், தானும் கடலோரத்து ஆள்தானே என்று நினைத்துவிடக் கூடாது. காய்ச்சல், வயிற்றோட்டம், முதல் நாள் தூக்கமின்மை இவற்றில் ஒன்று இருந்தாலே ஆபத்து இரட்டிக்கும்.

தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அளவு மிஞ்சினால் அதுவும் ஆளைக் கொல்லும் என்பதைச் சொல்பவர் குறைவு. அளவுக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், மூளை வீங்கி, வலிப்பு வரும். பயிற்சியில் இருந்த படையினர் அப்படி இறந்த பிறகு அமெரிக்க இராணுவம் 1998இல் மேல்வரம்பு விதித்தது. மணிக்கு ஏறத்தாழ 1.4 லீற்றர், நாளுக்கு ஏறத்தாழ 11 லீற்றர். அதுவும் கடும் வேலைக்கான உச்சம், இலக்கு அல்ல. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதும். கறுத்த தேநீர் நிறத்தில் போனால், அதுவும் முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் குந்தி எழவைத்த பிறகு போனால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். தண்ணீரைவிடச் சாப்பாட்டைத் தவறவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. காலையில் குமட்டுகிறது என்று பாணையும் பருப்பையும் தொடாமல் ஓடப் போனால் உடம்புக்கு உப்பு எங்கிருந்து வரும்?

பக்கத்தில் ஓடுபவர் தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், காரணமில்லாமல் சண்டைக்கு வந்தால் அது சோம்பலல்ல, வெப்பத் தாக்கு. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, கிணற்றடியோ தொட்டியோ எது அருகில் இருக்கிறதோ அங்கே குளிர்ந்த நீரில் உடம்பை நனைக்க வேண்டும். முதலில் குளிர்த்தல், பிறகு வைத்தியசாலை. அம்புலன்ஸ் வரும்வரை கைகட்டி நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் உயிர் போகிறது.

கூப்பிடும் மொழி

முகாமில் கட்டளைகள் சிங்களத்தில்தான் வரும். சிலாபம், மாதம்பைப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் தமிழ் பேசிச் சிங்களத்தில் படித்தவர்கள் நிறைய. அவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. உடப்பிலோ கற்பிட்டியிலோ தமிழ் மொழிமூலம் படித்தவருக்குச் சந்தைச் சிங்களம் வரும். மீன் விலை பேசும் சிங்களமும், விடியற்காலை இருட்டில் ஐம்பது பேருக்கு முன்னால் ஒருவர் கத்தும் சிங்களமும் காதில் ஒன்றாக விழாது. மற்றவர்கள் திரும்பியதைப் பார்த்துத் திரும்புபவர் எப்போதும் அரை நொடி பிந்துவார். அந்த அரை நொடி வரிசை முழுவதற்கும் தெரியும்.

ஆகவே போகும் முன்பே சில சொற்களைக் காதுக்குப் பழக்க வேண்டும். சீருவென் என்றால் விறைத்து நேராக நிற்பது, பஹசுவென் என்றால் இலகுவாக நிற்பது. தகுணட்ட வலப்பக்கம், வமட்ட இடப்பக்கம். எண்கள் ஏக, தெக, துன என்று பத்துவரை யோசிக்காமல் வர வேண்டும். பாடசாலையில் கடெற் அணியில் இருந்த நண்பர் யாராவது இருந்தால் ஒரு பின்னேரம் திடலில் நின்று கத்தச் சொல்லிப் பழகலாம், வேடிக்கையாகவும் இருக்கும்.

அதைவிட முக்கியம், தன் உடம்பைப் பற்றிச் சொல்லத் தேவையான சொற்கள். கக்குல ரிதெனவா, கால் வலிக்கிறது. பபுவ ரிதெனவா, நெஞ்சு வலிக்கிறது. ஒளுவ கெரகெனவா, தலை சுற்றுகிறது. வதுர என்றால் தண்ணீர். இந்த நாலையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். முந்தாநாளே சொல்லியிருந்தால் மூன்று நாள் ஓய்வோடு போயிருக்கக்கூடிய வலி, சொல்லத் தெரியாமலோ சொல்லக் கூச்சப்பட்டோ ஒளித்ததால் மூன்று மாதக் கட்டாக மாறுகிறது. வலியை ஒளிப்பது வீரம் என்ற எண்ணம் முகாம்களில் பரவலாக உண்டு. அது முட்டாள்தனம் என்பதே இந்த நூலின் கருத்து. நடித்து ஓய்வு வாங்குபவர்களும் இருக்கிறார்கள் என்பதால் பயிற்றுவிப்பவர் சந்தேகத்தோடு பார்ப்பார், பார்க்கட்டும். காலையில் நோயாளர் பெயர் எடுக்கும்போது பெயரைக் கொடுத்து, எந்த இடம், எத்தனை நாள், எப்போது கூடுகிறது என்ற மூன்றையும் சுருக்கமாகச் சொன்னால் வைத்தியருக்கு நடிப்பும் நோயும் வேறாகத் தெரியும்.

சமயம் பற்றி ஒரு வார்த்தை. இராணுவத்துக்குள் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவச் சங்கங்கள் இயங்குகின்றன. ஆண்டு விழாவையொட்டி நாலு சமயத்தின் தலங்களிலும் வழிபாடு நடக்கிறது. ஆனால் ஓர் அணியில் தனியொரு முஸ்லிமாகவோ இந்துவாகவோ இருப்பவருக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகையும் ஹலால் சாப்பாடும் விரதமும் தாமாக வந்து சேர்வதில்லை. முதல் நாள் விபரம் பதியும்போதே, பணிவாக, தெளிவாகக் கேட்டுப் பதிந்துவைப்பது நல்லது. நோன்பு காலத்தில் கடும் பயிற்சி வந்தால் மறைத்துக்கொண்டு ஓடக் கூடாது. வெக்கையைப் பற்றி மேலே சொன்னது அத்தனையும் அன்று இரட்டிப்பாகும்.

கட்டளையும் களப்பும்

பாரிஸ் ஐலண்டின் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் இருக்க வேண்டும். 1956 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு, ஒழுங்கு கற்பிக்கிறேன் என்று மத்தியூ மெக்கியோன் என்ற பயிற்றுவிப்பாளர் தன் அணியை ரிப்பன் கிறீக் என்ற உப்பங்கழிக்குள் நடத்திக்கொண்டு போனார். நீந்தத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். திடீரென ஆழம் வந்தது, ஒருவரையொருவர் பிடித்து இழுத்தார்கள். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். மெக்கியோன் இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, பதவி பறிக்கப்பட்டுச் சாதாரண வீரராக இறக்கப்பட்டார். புதியவர்களை நடத்தும் விதிகள் அதன் பிறகு அங்கே இறுக்கப்பட்டன.

புத்தளம் களப்பில் வளர்ந்தவருக்குச் சேற்றின் ஆழமும் நீரோட்டத்தின் இழுப்பும் காலுக்கே தெரியும். மலைநாட்டிலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்த தோழருக்குத் தெரியாது. நீர்ப் பயிற்சி நாளில் நீந்தத் தெரியாதவர் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நிற்பார். அவரைப் பேசவைப்பது கடலோரத்தவர் செய்யக்கூடிய உதவி. நன்றாக நீந்துபவரும், சப்பாத்தோடும் நனைந்த சீருடையோடும் தாம் எவ்வளவு தூரம் போகலாம் என்று பெருமை பேசாமல் இருப்பது நல்லது. வள்ளத்திலிருந்து சாரத்தோடு குதிக்கும் கணக்கு அங்கே பொருந்தாது.

கையெழுத்தும் விலகலும்

2012 நவம்பரில் கிளிநொச்சியில் 109 தமிழ் இளம் பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். 1979இல் உருவான மகளிர் படையணிக்கு வடக்கிலிருந்து இப்படி ஒரு தொகுதி வந்தது பெரிய செய்தியானது. அடுத்த மாதமே அவர்களில் பலர் கிளிநொச்சி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதும் செய்தியானது. மனப் பதற்றம் ஒருவரிலிருந்து ஒருவருக்குப் பரவியதென்று ஒரு விளக்கம், துன்புறுத்தலோ என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். எழுதுவினைஞர் போன்ற வேலைக்கென்று நினைத்துப் போனவர்கள் இருந்தார்கள் என்றும் அப்போது பேசப்பட்டது. நடந்தது எதுவாகவும் இருக்கட்டும். எந்த வேலைக்குப் போகிறோம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே ஆணும் பெண்ணும் எழுத்தில் பார்த்துவிட வேண்டும். அரசியலமைப்பின்படி தமிழும் ஆட்சிமொழி. படிவத்தைத் தமிழில் கேட்பது உரிமை. கிடைக்காவிட்டால் சிங்களம் நன்றாக வாசிக்கும் ஒருவரோடு உட்கார்ந்து, சேவைக் காலம் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் என்ன செலுத்த வேண்டும் என்ற இரண்டையாவது வரி வரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தாம் நாள் வாக்கில் பெரும்பாலானோருக்கு ஓடிவிடலாம் என்று தோன்றும். தலைமயிரை ஒட்ட வெட்டியது, கட்டில் விரிப்பின் சுருக்கத்துக்கு ஏச்சு வாங்கியது, வீட்டுச் சாப்பாட்டு நினைவு எல்லாம் ஒன்றாகச் சேரும் நாள் அது. அன்று முடிவெடுக்கக் கூடாது. இரண்டு இரவு நன்றாகத் தூங்கியபின் பலருக்கு அந்த எண்ணம் தணிகிறது. தணியாவிட்டால் அதுவும் தவறில்லை. எல்லோருக்கும் ஒத்துவரும் வாழ்க்கை அல்ல இது. ஆனால் வேலியேறிக் குதிப்பது வேறு, விலகுவது வேறு. சொல்லாமல் போய்த் திரும்பாதவர் இராணுவச் சட்டத்தில் தப்பியோடியவர். அவரைக் கைதுசெய்யலாம், அந்தப் பெயர் பின்னாளில் வேலைக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ போகும்போது குறுக்கே நிற்கும். 2024 ஏப்ரலில் அரசு பொதுமன்னிப்புக் காலம் அறிவித்தபோது ஆயிரக்கணக்கானோர் வந்து சட்டப்படி விலகல் பெற்றுக்கொண்டார்கள். அதில் வராதவர்களைத் தேடிப் பிடிக்கும்படி 2025இன் தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டது.

விலக விரும்புபவர் தன் அணிக்குப் பொறுப்பான அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். திகதியும் படை இலக்கமும் போட்டு எழுதிய அந்தக் கடிதத்தின் பிரதியொன்றைத் தானும் வைத்து, இன்னொன்றை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பதில் கையில் கிடைக்கும்வரை முகாமை விட்டு வெளியே போக வேண்டாம்.